தாத்தாவின் தாத்தா யார்? வில்ட்ஷயர் கிராமப் பங்கு ஒன்றில் நடந்த வம்சாவளித் தேடல்

பின்னணி

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஸ்விண்டனில் 1843-இல் தொடங்கிய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே பட்டறை 1986-இல் மூடப்பட்டது. மூடும்வரை அங்கே வேலை பார்த்த ஒருவர், இப்போது எழுபதைத் தாண்டியவர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். இந்தக் கட்டுரையில் அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். பழைய ஆங்கிலக் கையெழுத்தை ஓரளவு வாசிப்பேன் என்று யாரோ சொல்லக் கேட்டு, சுருட்டிய பெரிய தாள் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய பேத்தி இணையத்தில் கோத்து எடுத்த வம்சாவளி அது. அவரிலிருந்து மேலே ஏறி 1640-கள் வரை போயிற்று. உச்சியில் சொந்த நிலத்தில் உழுது வாழ்ந்த ‘யோமன்’ குடும்பம் ஒன்று இருந்தது. பேத்தியின் கல்யாணத்துக்கு அதை அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கப்போவதாகவும், அதற்குள் ஒருமுறை சரிபார்த்துத் தரவேண்டும் என்றும் கேட்டார்.

குடும்பத்தின் சொந்த ஊர் பியூசி பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கிராமம். பங்கு (‘பாரிஷ்’) என்றால் ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி; கோயில் என்று நான் எழுதுவதும் தேவாலயத்தைத்தான். ஆனால் இங்கிலாந்தில் பங்கு என்பது வெறும் கோயில் எல்லை அல்ல. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் வரி வசூல், சாலை பராமரிப்பு, ஏழைக்குச் சோறு, அநாதைக்குத் துணி எல்லாம் பங்கின் பொறுப்பு. ஆகவே சாமானியன் ஒருவன் காகிதத்தில் எங்காவது தலைகாட்டினால், அது அநேகமாகப் பங்குக் காகிதமாகத்தான் இருக்கும். சம்பந்தப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கேயே வாழ்வதால் ஊர்ப் பெயர்களைத் தவிர்க்கிறேன். குடும்பம் வாழ்ந்த இடம் மேற்குப் பங்கு; அதை ஒட்டியது கிழக்குப் பங்கு; தெற்கே சாலிஸ்பரி சமவெளி ஓரம் இருப்பது சமவெளிப் பங்கு.

முதலில் கண்டவை

தாளை மேலிருந்து படிக்காமல் பெரியவரிடமிருந்தே தொடங்கினோம். அவருடைய அப்பா, தாத்தா வரை பிறப்புச் சான்றிதழ்கள் வீட்டிலேயே இருந்தன. பூட்டன் 1841 இலையுதிர் காலத்தில் மேற்குப் பங்கில் பிறந்து, ரயில்வே வேலைக்காக ஸ்விண்டன் வந்தவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கிவிட்டதால் அவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. அதில் தந்தை பெயர், தாயின் கன்னிப் பெயர், தந்தையின் தொழில் கூலியாள் என்பது எல்லாம் இருந்தன.

அந்தக் கூலியாள்தான் பெரியவருக்குத் தாத்தாவின் தாத்தா, அதாவது ஓட்டன். தேடல் முழுவதும் இவரைப் பற்றியது. 1819-இல் மேற்குப் பங்குக் கோயிலில் ஓலை வாசித்து, அதாவது கல்யாண அறிவிப்பை முன்கூட்டியே சபையில் படித்து, கல்யாணம் செய்திருக்கிறார். 1754 முதல் கல்யாணப் பதிவுக்கு அச்சிட்ட படிவம் வந்துவிட்டது. மணமக்கள் கையெழுத்து அல்லது கைநாட்டு, இரண்டு சாட்சிகள், ‘இந்தப் பங்கைச் சேர்ந்தவர்’ என்ற சொல் இருக்கும். ஆனால் மணமக்களின் தகப்பன் பெயர் 1837 வரை கிடையாது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். 1837-க்கு முந்தைய கல்யாணத்திலிருந்து மேலே ஏற ஏணி இல்லை. பொருத்தமான ஞானஸ்நானம் ஒன்றைத் தேடிப்பிடித்து ஒட்டவேண்டியிருக்கிறது.

பேத்தியின் தாளும் அப்படித்தான் ஒட்டியிருந்தது. மேற்குப் பங்கில் 1790-இல் அதே பெயரில் ஒரு ஞானஸ்நானம், பெற்றோர் யோமன் குடும்பத்தார். பெயர் சரி, ஊர் சரி, வயதும் ஏறக்குறைய சரி. இணையத்தில் வேறு பல வம்சாவளிகளும் இதே ஒட்டைப் போட்டிருந்தன. இத்தனை பேர் சொல்லும்போது தப்பாக இருக்குமா என்று பேத்தி கேட்டது நியாயமான கேள்வி. பார்த்தால், ஒன்றை ஒன்று பார்த்து எழுதியவை அவை. எதிலும் மூலப் பக்கத்தின் படம் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது வேறு. 1841-இல் ஓட்டனின் வயது 45. அந்த ஆண்டு பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆக 45 முதல் 49 வரை எதுவும் இருக்கலாம். 1790-இல் பிறந்தவர் என்றால் 50 என்று எழுதியிருக்க வேண்டும். 1851-இல் 58, பிறந்த ஊர் மேற்குப் பங்கு. 1861-இல் 69, பிறந்த ஊர் கிழக்குப் பங்கு. 1866-இல் இறந்தபோது 74. எழுத்தறிவில்லாத கூலியாளின் வயதில் ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் இருப்பது சகஜம் என்றாலும், எல்லாம் 1792-ஐச் சுற்றியே நின்றன.

முதல் முடிவு: கையில் இருப்பவரைச் சந்தேகிப்பது

வேறு ஆளைத் தேடுவதற்கு முன்னால், 1790 குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதென முடிவு செய்தோம். காரணம் எளிது. ஜான், வில்லியம், தாமஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களையே ஊர் முழுக்கப் புழங்கிய காலம் அது. அதே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து ஆளானதா என்று தெரியாமல் அதற்குக் கல்யாணம் செய்துவைக்க முடியாது.

விடை அதே பதிவேட்டில் சில பக்கங்கள் தள்ளி இருந்தது. 1791-இல் ஓர் அடக்கம்: அதே பெயர், கைக்குழந்தை, பெற்றோர் பெயர் இரண்டும் தெளிவாக. இணையப் பட்டியலில் அந்தப் பங்கின் ஞானஸ்நானங்களும் கல்யாணங்களும் ஏறியிருந்தன, அடக்கங்கள் ஏறவில்லை. இணைய வம்சாவளிகள் எல்லாம் ஒன்றரை வயதைத் தாண்டாத ஒரு பிள்ளையிலிருந்து கிளைவிட்டிருந்தன.

இதோடு விட்டுவிடவும் முடியாது. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே வழக்கம். ஆகவே அந்தத் தம்பதியின் பிற்காலக் குழந்தைகளையும் பார்த்தோம். அந்தப் பெயரில் இன்னொரு ஞானஸ்நானம் இல்லை. பிறகு உயில். 1858-க்கு முன்பு உயில்களை மெய்ப்பித்தவை திருச்சபை நீதிமன்றங்கள். சாலிஸ்பரி மறைமாவட்டத்தின் உயில்கள் இப்போது சிப்பன்ஹாமில் உள்ள வில்ட்ஷயர் – ஸ்விண்டன் வரலாற்று மையத்தில் இருக்கின்றன. யோமன் 1824-இல் எழுதிய உயிலில் இரண்டு மகள்களும் நிலத்தை வாங்கிக்கொள்ளும் அண்ணன் மகனும் வருகிறார்கள். மகன் என்று யாரும் இல்லை.

பெரியவர் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ மேலே இருக்கிறவர்கள் எல்லாம் எனக்கு யாருமே இல்லையா?” என்றார். இல்லை என்றுதான் சொல்லவேண்டியிருந்தது.

பக்கத்துப் பங்கு

அடுத்த கேள்வி, 1851 சொல்வதை நம்புவதா, 1861 சொல்வதையா? 1861-ஐ எடுத்தோம். 1851 பக்கத்தில் அந்த வீட்டில் எல்லோருக்கும் பிறந்த ஊர் மேற்குப் பங்கு என்று முதல் வரியில் எழுதி, கீழே ‘மேற்படி’க் குறி போட்டிருந்தது. எழுதியவர் கை ஓய்ந்திருக்கலாம். 1861-இல் மனைவிக்கு ஓர் ஊர், கணவனுக்கு வேறு ஊர் என்று தனித்தனியாக இருந்தது. கேட்காமல் அப்படி எழுத முடியாது.

பியூசி பள்ளத்தாக்கின் நிலவமைப்பும் இதற்குத் துணை நின்றது. அங்கே பங்குகள் சுண்ணாம்பு மேட்டிலிருந்து பள்ளத்து வயல் வரை நீளமாகவும் குறுகலாகவும், வாழைச் சீப்பின் பழங்களைப் போல அடுத்தடுத்து ஒட்டிக் கிடக்கும். ஒவ்வொரு பங்குக்கும் மேலே ஆட்டு மேய்ச்சல், நடுவே உழவு நிலம், கீழே புல்வெளி கிடைக்கவேண்டும் என்று பிரித்த ஏற்பாடு. நீளவாக்கில் நடந்தால் தூரம். குறுக்கே நடந்தால் அரைமணியில் அடுத்த கோயில் வந்துவிடும். வேலைக்கும் பெண்ணெடுக்கவும் ஆட்கள் குறுக்கேதான் போனார்கள்.

கிழக்குப் பங்கின் 1790-களின் ஞானஸ்நானப் பக்கத்தை ஈரம் தின்றிருந்தது. 1792 பிப்ரவரி வரியில் பெயரின் கடைசி எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஆனால் ஓரத்தில் ‘பி’ என்ற ஒற்றை எழுத்து அப்படியே இருந்தது. 1783 முதல் 1794 வரை, பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கத்துக்கும் மூன்று பென்ஸ் வரி. பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு. விலக்குப் பெற்றவர்களை அடையாளம் காட்டப் பாதிரியார் ஓரத்தில் ‘பாப்பர்’ என்றோ அதன் முதலெழுத்தையோ போட்டார். 1790 யோமன் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் குறி இல்லை.

அழிந்த வரியை நிரப்பியது பேராயர் படி. 1598 முதல் ஒவ்வொரு பங்கும் அந்தந்த ஆண்டின் பதிவுகளை ஒரு படி எடுத்து மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அனுப்பாமலே விட்டதும் உண்டு. இந்தப் பங்கில் அந்த ஆண்டுத் தாள் தப்பியிருந்தது. அதில் ஓட்டனின் முழுப்பெயர், பின்னால் ‘பேஸ் பார்ன்’, அதன்பின் தாயின் பெயர். கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை என்று பொருள். தகப்பன் பெயர் இல்லை. பிள்ளை தாயின் குடும்பப் பெயரைச் சுமந்திருக்கிறது. அது தற்செயலாக யோமன் வீட்டின் குடும்பப் பெயரும்கூட. அந்தப் பகுதியில் பரவலான பெயர். அந்தத் தாய்க்கும் யோமன் வீட்டுக்கும் உறவு உண்டு என்று சொல்ல ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

யோமன் பிள்ளைக்கு வைத்த அதே சோதனையை இந்தப் பிள்ளைக்கும் வைத்தோம். கிழக்குப் பங்கின் அடக்கப் பதிவுகளில் 1813 வரை இவன் இல்லை. ஆனாலும் இதுவும் ஒட்டுத்தான். கிழக்குப் பங்கில் பிறந்தவனும் மேற்குப் பங்கில் கல்யாணம் செய்தவனும் ஒரே ஆள் என்று சொல்ல இன்னொரு காகிதம் தேவைப்பட்டது.

பெட்டிக் காகிதங்கள்

1603-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, பங்கின் பதிவேடுகளை மூன்று பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். சாவிகளில் ஒன்று பாதிரியாரிடம், மற்ற இரண்டும் கோயில் நிர்வாகிகளான வார்டன்களிடம். அந்தப் பெட்டிகளில் பிறகு எல்லாமும் சேர்ந்தன: கணக்கு நோட்டுகள், ரசீதுகள், ஏழைகளை விசாரித்த வாக்குமூலங்கள். நிலம் உள்ளவனை உயிலில் தேடலாம். கூலியாளைத் தேட இந்தக் காகிதங்கள்தான் இருக்கின்றன என்பதால் அடுத்து இங்கே போனோம்.

இதைப் புரிந்துகொள்ள ‘செட்டில்மென்ட்’ சட்டத்தைச் சொல்லவேண்டும். 1662 முதல், ஒவ்வொரு ஏழைக்கும் சட்டப்படி ஒரு பங்கு உண்டு. கஷ்டகாலத்தில் அந்தப் பங்கு மட்டுமே அவனுக்கு உதவக் கடமைப்பட்டது. அப்பாவின் பங்கு பிள்ளைக்கு வரும். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குப் பிறந்த இடமே பங்கு. கல்யாணமாகாத ஒருவன் வேறொரு பங்கில் முழுசாக ஒரு வருஷம் கூலிக்கு அமர்ந்தால் அந்தப் பங்கு அவனுடையதாகிவிடும். இதனால்தான் சில பண்ணைக்காரர்கள் 51 வாரத்துக்கு மட்டும் ஆளை அமர்த்தினார்கள். ஒருவன் உதவி கேட்டு வந்தால், எந்தப் பங்கு பணம் தரவேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் முன் அவனை நிறுத்தி வாழ்க்கைக் கதையையே எழுதி வாங்குவார்கள். எழுதத் தெரியாதவனின் சுயசரிதை என்றால் அதுதான்.

மேற்குப் பங்கின் ஏழைக் காகிதங்கள் ஆண்டு வாரியாகக் கட்டுக் கட்டாக இருந்தன. ஆள் பெயர்ப் பட்டியல் இல்லை. வெள்ளை நாடாவால் கட்டியவை, ஒவ்வொரு தாளும் நீளவாக்கில் நாலாக மடித்து, வெளியே பெயர் எழுதியவை. 1826 குளிர்காலக் கட்டில் ஓட்டனின் பெயர் இருந்தது.

வாக்குமூலத்தின் சாரம் இது. அம்மா சொல்லிக் கேட்டபடி தான் பிறந்தது கிழக்குப் பங்கில். அம்மாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பதினேழு வயது இருக்கும்போது செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளில் சமவெளிப் பங்குப் பண்ணையார் ஒருவரிடம் ஒரு வருஷத்துக்கு அமர்ந்து, வருஷம் முழுக்க வேலை செய்து, பேசிய கூலியை முழுசாக வாங்கினான். அதன்பிறகு மேற்குப் பங்கில் கல்யாணம். மனைவி பெயர் இன்னது. பிள்ளைகள் மூன்று, ஆறு வயது, நாலு வயது, ஒரு வயது. மனைவி பெயர் 1819 கல்யாணப் பதிவோடும், பிள்ளைகளின் வயதும் பெயரும் மேற்குப் பங்கின் 1820, 1822, 1825 ஞானஸ்நானங்களோடும் அச்சாகப் பொருந்தின. கீழே அவர் போட்ட பெருக்கல் குறி ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டாவது கோட்டின் நுனியில் மை தேங்கிப் பொட்டாக இருந்தது. அதன் இருபுறமும் ‘இவர் கைநாட்டு’ என்று குமாஸ்தா அழகாக எழுதியிருந்தார்.

இந்த ஒரு தாள் மூன்று பங்குகளையும் ஓர் ஆளில் இணைத்துவிட்டது. இன்னொரு விவரமும் அதில் இருந்தது. அவரை வெளியேற்றக் கோரி ஏழைகள் கண்காணிப்பாளராகக் கையெழுத்திட்டவர், யோமன் உயிலில் நிலம் பெற்ற அண்ணன் மகன். ஊரில் நாலைந்து பண்ணைகளுக்குள்ளேயே அந்தப் பதவி சுற்றி வந்ததால் இதில் ஆச்சரியப்பட அதிகமில்லை. ஆனால் எந்த வீட்டின் வாரிசு என்று அச்சடிக்க இருந்தோமோ, அந்த வீடுதான் இவரை ஊரைவிட்டு அனுப்பப் பார்த்திருக்கிறது.

அனுப்ப முடியவில்லை. சமவெளிப் பங்குக்கு அனுப்பும் ஆணை பிறந்தது. மனைவியின் உடல்நலக் குறைவைக் காட்டி அதன் பின்புறத்தில் நிறுத்திவைப்பு எழுதப்பட்டது. 1795 சட்டம் அதற்கு இடம் தந்திருந்தது. அடுத்த வசந்தத்திலிருந்து மேற்குப் பங்குக் கணக்கு நோட்டில் சமவெளிப் பங்கிலிருந்து சில ஷில்லிங் வரவு காணப்படுகிறது. ஆளை வண்டியேற்றுவதைவிட அவன் இருக்கும் இடத்துக்கே காசு அனுப்புவது லாபம் என்று இரு தரப்பும் கணக்குப் போட்டிருக்கும். அந்தக் காலத்தில் இது பரவலான ஏற்பாடு. குடும்பம் அங்கேயே தங்கியது. பதினைந்து வருஷம் கழித்துப் பெரியவரின் பூட்டன் பிறந்ததும் அதனால்தான் மேற்குப் பங்கில்.

தகப்பனின் பெயர் கிழக்குப் பங்குக் காகிதங்களில் கிடைத்தது. குழந்தையின் செலவு பங்கின் தலையில் விழாமல் இருக்க, தகப்பன் என்று தாய் சத்தியம் செய்து சொன்ன ஆளிடம் கண்காணிப்பாளர்கள் பிணைப்பத்திரம் எழுதி வாங்குவார்கள். 1792 பத்திரத்தில் இருப்பவர் டெவைசஸ் ஊர் நெசவாளி. குடும்பப் பெயர் முற்றிலும் வேறு.

குடும்பத்துக்குச் சொன்னது

பெரியவர் வாக்குமூலத்தின் படத்தைப் பலமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். யோமனை இழந்த வருத்தம் அதிலேயே கரைந்துபோயிற்று. சிக்கல் வந்தது அவருடைய அக்காவிடமிருந்து. கல்யாண வீட்டில் இதையா கொடுப்பாய், அம்மா உயிரோடு இருந்தால் சம்மதிப்பாளா என்பது அவர் கேள்வி. அவர் தலைமுறையில் அது சின்ன விஷயம் அல்ல. அவரைப் பழமைவாதி என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்று வழிகள் பேசப்பட்டன. பழைய தாளையே அச்சடிப்பது; ஓட்டனோடு நிறுத்திக்கொள்வது; கிடைத்ததை அப்படியே போடுவது. முதலாவதைப் பெரியவரே மறுத்தார். கடைசியில், தாயையும் பிள்ளையையும் அழுத்தமான கோட்டில் இணைத்து, நெசவாளியைப் புள்ளிக்கோட்டில், ‘பிணைப்பத்திரத்தின்படி தகப்பன்’ என்ற குறிப்போடு போட ஒப்புக்கொண்டார்கள். புள்ளிக்கோட்டை நான் வலியுறுத்தியதற்கு அக்காவின் மனம் காரணமில்லை. தாயின் சத்தியத்தை வைத்து எழுதிய பத்திரம் அது. தகப்பன் என்று நம்பப்பட்டவர் என்பதற்குமேல் அது எதையும் நிரூபிக்காது. ‘பேஸ் பார்ன்’ என்ற சொல் தாளில் வேண்டாம் என்ற அக்காவின் கோரிக்கையையும் ஏற்றோம். ஆவணத்தின் படம் தனிக்கோப்பில் இருக்கிறது, வேண்டியவர் பார்க்கலாம்.

மரபணுச் சோதனை பற்றிப் பேத்தி கேட்டாள். ஆண்வழி மரபணுவை வைத்துப் பார்த்தால் நெசவாளியின் குடும்பப் பெயர்க்காரர்களோடு பொருத்தம் தெரிய வாய்ப்புண்டு. பெரியவர் இப்போதைக்கு வேண்டாம் என்றார். தன் எச்சிலில் தம்பிமார், மருமக்கள் எல்லோருடைய கதையும் இருக்கிறது, அவர்களைக் கேட்காமல் எப்படி என்றார். அது அவர் முடிவு.

பின்விளைவு

கல்யாணத்தில் தாள் கொடுக்கப்பட்டது. 1640 வரை போன மரம் 1792-இல் நின்றது, அகலம் கூடியது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குத் தரும் வழக்கம் தொடர்பான 1836 தசமபாகச் சட்டத்தின் கீழ் வரைந்த மேற்குப் பங்கு வரைபடத்தில் ஓட்டன் குடியிருந்த குடிசையும் தோட்டமும் எண்ணோடு இருந்தன. யோமன் பண்ணை வீட்டின் படத்துக்குப் பதிலாக அந்த வரைபடத் துண்டு தாளின் மூலையில் ஏறியது. குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். அந்த இடத்தில் இப்போது வேறு வீடு. கோயில் தோட்டத்தில் கல்லறை தேடவேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். கூலியாட்களுக்குக் கல் நடுவது அபூர்வம்.

தவறான ஒட்டை வைத்திருந்த இணைய வம்சாவளிக்காரர்களுக்கு 1791 அடக்கப் பதிவின் படத்தோடு பேத்தி எழுதினாள். ஒருவர் உடனே திருத்தி நன்றி சொன்னார். ஒருவர், அது வேறு குழந்தையாக இருக்கும் என்று பதில் போட்டார். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. அந்த மரங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. புதிதாகத் தேடுகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவதும் அவைதான்.

இனி இப்படி ஒன்று வந்தால்

அடக்கப் பதிவுகளை முதல் நாளே பார்ப்பேன். ஓர் ஞானஸ்நானத்தை ஏற்கும் முன், அந்தக் குழந்தைக்கு அடக்கம் இல்லை, வேறு கல்யாணம் இல்லை, தகப்பன் உயிலில் வேறு கதை இல்லை என்று காட்டுவது ஒட்டுப்போடுகிறவரின் பொறுப்பு. இணையப் பட்டியலில் எந்தப் பங்கின் எந்த ஆண்டுகள், எந்த வகைப் பதிவுகள் ஏறியிருக்கின்றன என்று பார்க்காமல் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதக் கூடாது. தேடி இல்லாமல்போன இடங்களையும் தேதியோடு குறித்துவைக்க வேண்டும். இந்தத் தேடலில் பாதிக் குறிப்புகள் அப்படிப்பட்டவை, கடைசியில் அவைதான் வாதத்தைத் தாங்கின.

கூலிக் குடும்பம் என்று சான்றிதழிலேயே தெரிந்துவிட்டால், ஞானஸ்நான வேட்டையோடு சேர்த்தே ஏழைக் காகிதங்களையும் கேட்டு வாங்குவேன். 1834-க்குப் பிறகு ஏழைகள் பொறுப்பு பல பங்குகள் சேர்ந்த யூனியன்களுக்குப் போய்விட்டதால், பங்குப் பெட்டியின் செல்வம் அதற்கு முந்தைய நூற்றைம்பது ஆண்டுகளில்தான். எல்லாப் பங்கிலும் அது பிழைத்திருக்காது. இங்கே மூன்று பங்குகளில் இரண்டில் இருந்தது அதிர்ஷ்டம். சமவெளிப் பங்கின் காகிதங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

குடும்பத்தாரிடம் பேசவேண்டியதையும் முன்னால் பேசியிருக்கலாம். 1790-களுக்குள் நுழைந்தால் கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை, வொர்க்ஹவுஸ் (ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதி), சிறை என்று ஏதாவது வரலாம், வந்தால் போடலாமா என்று தொடக்கத்திலேயே எல்லோரையும் கேட்டு வைத்துக்கொண்டால், அச்சகத்துக்குப் போகும் வாரத்தில் அக்கா அழவேண்டியிருக்காது.

நெசவாளி பாக்கி இருக்கிறார். டெவைசஸின் ஆங்கிலிக்கக் கோயில்களான செயின்ட் ஜான், செயின்ட் மேரி இரண்டிலும் அவருக்கு ஞானஸ்நானம் கிடைக்கவில்லை. அந்த ஊர் நெசவாளிகளில் பாப்டிஸ்டுகள் உண்டு. அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, சில சபைகள் பிறப்பை மட்டும் எழுதி வைத்தன. 1837-க்குப் பிறகு அரசிடம் ஒப்படைத்த அப்படிப்பட்ட பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், ஆர்.ஜி. 4 வரிசையில் இருக்கின்றன. பேத்தி இப்போது அதில் இருக்கிறாள்.